ஏற்றமும் இறக்கமும்: நெய்யாற்றின்கரைச் சாலையில் மிதிவண்டியின் நெடுந்தொலைவு

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுடையது. நிலப்படத்தில் பார்த்தால் கடலுக்கு அணித்தாக, பெரிய மலை எதையும் தொடாமல் செல்லும் எளிய சாலையாகத் தோன்றும். பேருந்தில் செல்பவருக்கும் அப்படித்தான். மிதிவண்டியில் செல்பவரின் முழங்கால் மட்டும் இதை ஒப்புக்கொள்ளாது.

காரணம் நிலத்தின் அமைப்பு. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே கடலை மிக நெருங்கி நிற்கிறது. பூவாறு, பொழியூர் கடற்கரையிலிருந்து வெள்ளறடை, அம்பூரி மலையடிவாரம் வரை முப்பது கிலோமீட்டர் அளவே தொலைவு. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் மட்டுமே ஓடிப் பூவாற்றில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. ஆறுகள் மலையிலிருந்து கடலுக்கு இறங்குகின்றன. சாலையோ கடற்கரைக்கு இணையாக, அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. கரமனையாறு, நெய்யாறு, குழித்துறைத் தாமிரபரணி, வள்ளியாறு, பழையாறு என ஒவ்வோர் ஆற்றுக்கும் ஓர் இறக்கம், ஆற்றைக் கடந்ததும் ஓர் ஏற்றம். இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட செம்புரைக்கல் மேடுகளும் தட்டையானவை அல்ல. மேடு, பள்ளம், பள்ளத்தில் வயல், மீண்டும் மேடு. தனித்தனியே எடுத்தால் எந்த ஏற்றமும் பெரிதன்று. மாலையில் அவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மலையே ஏறிய கணக்கு வரும்.

இப்பகுதி மக்கள் இந்த நிலத்தை வேறுவேறு சொற்களால் பிரித்து அறிந்திருந்தனர். மேடுகளுக்கு நடுவே ஒடுங்கி நீளும் நெல்வயல் பள்ளம் ‘ஏலா’. மேட்டுத் தோட்ட நிலம் ‘விளை’. உயர்ந்த நிலவரம்பும் முகடும் ‘கோடு’. ஆறு கடலைச் சேரும் மணல்வாய் ‘பொழி’. களியக்காவிளை, விளவங்கோடு, கொல்லங்கோடு, குழித்துறை, நெய்யாற்றின்கரை, பொழியூர் ஆகிய ஊர்ப்பெயர்களில் இச்சொற்களும் இவற்றின் உறவுச் சொற்களும் படிந்து கிடக்கின்றன. ஊர்ப்பெயரைக் கேட்டாலே வண்டியைவிட்டு இறங்கித் தள்ள வேண்டிவருமா, மிதிக்காமல் உருண்டு போகலாமா என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பிரித்தானியாவில் இவ்வகை அறிவு அச்சிட்ட நூலாக வந்தது. 1878இல் ஹாரகேட் நகரில் தொடங்கிய மிதிவண்டிச் சுற்றுலாச் சங்கம் தன் உறுப்பினர்க்குத் தங்குமிடப் பட்டியல்களையும் வழிக்குறிப்புகளையும் தந்தது. அபாயமான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது. 1890களில் ஹாரி இங்கிலிஸ் ஸ்காட்லாந்துச் சாலைகளின் ஏற்ற இறக்கங்களைக் கோட்டு வரைபடங்களாக வரைந்து, சட்டைப் பையில் அடங்கும் நூலாக வெளியிட்டார். அந்நாட்டின் ‘கிளென்’ எனப்படும் நீண்ட மலைப் பள்ளத்தாக்குகளிலும் வளைந்து நெளியும் மேற்குக் கடற்கரையிலும் விடுமுறையைக் கழிக்க விரும்பிய நகரத்து நடுத்தர வர்க்கம் அந்நூலை வாங்கியது. நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் ஓய்வு, வருமானம், அச்சு ஆகிய மூன்றின் கூட்டில் பிறந்த பண்பாடு. அதன் வரலாறும் அந்த மூன்றையும் உடையவர்கள் எழுதிய வரலாறாகவே நெடுங்காலம் இருந்துவந்திருக்கிறது.

அந்த எழுத்து மரபு இந்தியாவுக்கு விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1884 முதல் 1886 வரை முன்சக்கரம் பெரிதான பழைய வண்டியில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ், வட இந்தியாவின் பெருவழிச்சாலை வழியே கல்கத்தா வரை சென்றார். இதற்கிடையே வண்டி மாறியது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’, சம அளவுச் சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட இன்றைய வடிவத்தைத் தந்தது. 1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1897 முதல் 1899 வரை அமெரிக்கத் தம்பதியரான ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியம் ஹண்டர் வொர்க்மனும் இலங்கை, இந்தியா, தென்கிழக்காசியா எனச் சுற்றினர். இந்தியாவின் தென்முனைப் பகுதியிலிருந்து இமயம் வரை சென்றனர். 1904இல் வெளியான அவர்களது பயணநூல், மிதிவண்டியில் கடந்த தொலைவு பதினான்காயிரம் மைல் என்று தலைப்பிலேயே அறிவிக்கிறது. ஒரே நாளில் நாற்பது வரை பஞ்சர் ஒட்டியதும், புகைவண்டி நிலையக் காத்திருப்பு அறைகளில் உறங்கியதும் அப்பயணத்தின் பகுதிகள். உணவும் நீரும் தங்குமிடமும் கிடைக்க வேண்டுமென்பதால் இயன்றவரை இருப்புப்பாதைக்கு அருகிலேயே அவர்கள் சென்றனர். நாகர்கோவிலையும் நெய்யாற்றின்கரையையும் திருவனந்தபுரத்தோடு இணைக்கும் இருப்புப்பாதை 1979இல்தான் வந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

வொர்க்மன் தம்பதியர் இந்தியச் சாலைகளில் சென்றுகொண்டிருந்த அதே பத்தாண்டில், நெய்யாற்றின்கரைப் பகுதியில் சக்கரத்தைப் பற்றிய வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1893இல் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, புலையர் செல்லக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில், நல்ல உடை உடுத்தி, வில்வண்டி பூட்டி, அதில் ஏறிச் சென்றார். 1898இல் பாலராமபுரம் சாலியர் தெருவில் அவரும் அவரது தோழர்களும் தாக்கப்பட்டனர். அவர்கள் எதிர்த்து நின்றனர். பாலராமபுரம், திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரைக்கு வரும் அதே நெடுஞ்சாலையில் உள்ள ஊர். 

சாலை போட்டது அரசு. அதற்குச் செலவானது எல்லோருடைய வரியும் உழைப்பும். திவான் மாதவராவ் காலம் தொட்டுத் திருவிதாங்கூர் தன் சாலைகளைப் பற்றிப் பெருமை கொண்டிருந்தது. சட்டத்தின் முன் அவை பொதுச்சாலைகளே என்றாலும், ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்ற வாதத்தைக் கொண்டு உரிமை மறுக்கப்பட்டது. 1924இல் வைக்கத்தில் போராட்டம் எழுந்தபோதும், பெரியார் அங்கே சிறை சென்றபோதும் வழக்கு சாலையைப் பற்றியதாகவே இருந்தது. தமிழ்நாட்டின் பல சிற்றூர்களில் தலித் ஒருவர் ஆதிக்கச் சாதியார் தெருவைக் கடக்கும்போது சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு அண்மைக்காலம் வரை நிலவியதைக் கள ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. ஆகவே, இந்த மண்ணில் மிதிவண்டிப் பயணத்தின் வரலாற்றை எந்திரத்திலிருந்து தொடங்குவது போதாது. வண்டியில் அமர்ந்தபடியே சாலையைக் கடக்க யாருக்கு உரிமை இருந்தது என்பதிலிருந்து அதைத் தொடங்க வேண்டும். அந்தக் கணக்கில், 1893இன் வில்வண்டிக்கு மிதிவண்டி வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இடமுண்டு.

இந்தியர் எழுதிய மிதிவண்டிப் பயணம் 1920களில் தொடங்குகிறது. 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி இளைஞர் குழுவில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் உலகைச் சுற்றிவிட்டு 1928 மார்ச்சில் திரும்பினர். அவர்கள் கடந்தது ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். அவர்களது நூலுக்கு ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார். 1926இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட பிமல் முகர்ஜி தம் அனுபவத்தை வங்க மொழியில் எழுதினார். அடிமைப்பட்ட நாட்டின் இளைஞர் தம் கால்வலியால் உலகை அளந்தனர் என்பதில் அன்றைய தேசிய உணர்வு நிறைவடைந்தது. அந்த நிறைவு நியாயமானதே. எனினும் அதுவும் நூலாக வந்த தொலைவுதான்.

நெய்யாற்றின்கரைச் சாலையில் மிதிவண்டி பெருகியதற்குக் காரணங்கள் வேறு. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிச் சாலை கான்கிரீட் சாலையாக்கப்பட்டது. 1938 பிப்ரவரியில் அரசுப் பேருந்துச் சேவை தொடங்கியபோது, அது முதலில் ஓடியதும் இத்தடத்தில்தான். நல்ல சாலை பேருந்துக்காகப் போடப்பட்டது. பேருந்துக்குக் காசில்லாதவர்க்கும் அது பயன்பட்டது. விடுதலைக்குப் பிறகு, 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்று அம்பத்தூரில் வண்டிகள் உருவாகத் தொடங்கின. அதுவரை இறக்குமதிப் பொருளாக இருந்த மிதிவண்டி மெல்ல மெல்ல உழைப்பாளியின் கைக்கு எட்டியது.

அவ்வண்டி கிளென்களில் உலவியோரின் வண்டியைப் போன்றதன்று. இருபது கிலோ எடை, 28 அங்குலச் சக்கரம், ஒரே பல்சக்கர விகிதம், கம்பி பிரேக், பின்னால் அகன்ற கேரியர். ஏற்றத்தில் மாற்றிக்கொள்ள கியர் கிடையாது. எனவே ‘சைக்கிள் சவுட்டுதல்’ என்று இப்பகுதியார் கூறும் செயலில் பாதித் தொலைவு சவுட்டுவதும் மீதித் தொலைவு தள்ளுவதுமாக இருந்தது. இந்த வண்டியில் கடற்கரை மீன் மலையடிவாரத்திற்கு ஏறியது. மலையடிவாரத்தின் ரப்பர் ஷீட்டும் மரச்சீனிக் கிழங்கும் வாழைக்குலையும் சந்தைக்கு இறங்கின. 

மீன்காரரின் நாளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடியுமுன் கரையில் ஏலம். பெட்டியில் மீனும் ஐஸும் நிறைத்துக் கேரியரில் கட்டினால் ஓர் ஆளின் எடைக்குக் குறையாது. பிறகு ஏலாக்களில் இறங்கி, விளைகளில் ஏறி, வீடு வீடாகக் கூவி விற்று, வெயில் ஏறியபின் வெறும் பெட்டியுடன் திரும்ப வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் போய் வந்தால் நாளொன்றுக்கு ஐம்பது. ஆண்டில் இருநூறு நாள் தொழில் நடந்ததாகக் கொண்டால் பத்தாயிரம் கிலோமீட்டர். பார்சி இளைஞர் உலகைச் சுற்றிய தொலைவை அவர் ஏழெட்டு ஆண்டுகளில், தம் வட்டத்தைவிட்டு அதிகம் வெளியேறாமலே கடந்துவிடுவார். இது எடுத்துக்காட்டுக்கான கணக்கே. தொலைவு நேர்க்கோட்டில் மட்டும் சேர்வதில்லை என்பதைக் காட்ட இது போதும்.

ரப்பர் ஷீட்டைச் சுமந்து சென்ற வண்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டன்லப்பின் டயர் மேலைநாடுகளில் மிதிவண்டி மோகத்தைக் கிளப்பியது. அந்த மோகம் ரப்பரின் தேவையை உயர்த்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ரப்பர் தோட்டங்கள் எழுந்ததற்கு அத்தேவையும், பின்னர் வந்த மோட்டார் வண்டியின் தேவையும் காரணம். நெய்யாற்றின்கரையின் கிழக்குப் பகுதியிலும் விளவங்கோடு, கல்குளம் வட்டங்களிலும் மலைச்சரிவுகள் ரப்பர் காடுகளாயின. ஸ்காட்லாந்தின் பள்ளத்தாக்கில் ஒருவர் விடுமுறைக்குச் சவுட்டிய வண்டியின் டயரும், இங்கே ரப்பர் ஷீட் சுமந்த வண்டியின் டயரும் ஒரே வரலாற்றின் இரு முனைகள்.

1956 நவம்பர் 1 அன்று இச்சாலையின் குறுக்கே ஒரு மாநில எல்லை விழுந்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த்தமிழகத்தோடு இணைக்கக் கோரிய வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. இறுதியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். ஏற்றமும் இறக்கமும் முன்போலவே இருந்தன. உறவும் சந்தையும் இருபுறமும் இருந்தன. சோதனைச் சாவடி புதிதாக வந்தது.

எல்லை மிதிவண்டிக்கு ஒரு புதிய தொழிலையும் தந்தது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற நாஞ்சில்நாடு எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 1960களின் நடுவில் மாநிலங்களுக்கிடையே அரிசியைக் கொண்டுசெல்வது கட்டுப்படுத்தப்பட்டபோது, நேற்றுவரை வியாபாரமாக இருந்தது கடத்தலாயிற்று. நெடுஞ்சாலையில் சாவடி இருந்தது. ஏலா வரம்புகளிலும் இடவழிகளிலும் இல்லை. லாரிக்கு இடமில்லாத அந்த வழிகள் சைக்கிளுக்குப் போதுமானவை. அரசின் மொழியில் அவர்கள் கடத்தல்காரர்கள். சுமந்த எடையையும் கடந்த மேடுகளையும் கொண்டு பார்த்தால், இந்நாட்டின் கடினமான மிதிவண்டிப் பயணிகளுள் சிலர் அவர்களே.

இவ்வரலாற்றில் பெண்களின் இடம் ஒரு கேள்வியாகவே எஞ்சுகிறது. ஃபேனி வொர்க்மன் பாவாடை அணிந்தே ஆயிரக்கணக்கான மைல் சென்றார். பெண்ணுக்கு வாக்குரிமை கோரியவர் அவர். அதே கடற்கரைச் சாலைகளில் மீனவப் பெண்கள் தலைச்சுமையாக மீனைச் சுமந்து நடந்தனர். பெட்டி கட்டிய சைக்கிள் வந்தபோது அது பெரும்பாலும் ஆணின் கருவியாகவே வந்தது. பெண் தலையில் சுமந்து கடந்த அதே தொலைவை ஆண் சக்கரத்தில் கடந்தான். சந்தையை முதலில் அடைந்தவனும் அவனே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் அதைப் பற்றிக்கொண்டதன் பொருள் இந்தப் பின்னணியில்தான் முழுமையாக விளங்கும்.

போய்ச் சேராத நெடும்பயணம் ஒன்றும் இங்கே உண்டு. 1970களிலும் 80களிலும் கேரளத்திலும் தென்தமிழகத்திலும் ஊர் மைதானங்களில் நடந்த ‘சைக்கிள் யக்ஞம்’ அது. ஒருவர் பல நாட்கள் இரவும் பகலும் காலைத் தரையில் ஊன்றாமல் ஒரே வட்டத்தில் சுற்றுவார். வண்டியிலேயே உண்பார், குளிப்பார், உடை மாற்றுவார். ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு, இடையிடையே சாகசம், ஆட்டம், ஏலம். ஊரார் ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்துவார்கள். உலகைச் சுற்றும் பயணத்தை ஊரே உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு மைதானத்துக்குள் சுருக்கிய கலை அது. பயணத்துக்குப் பணம் தேவை. யக்ஞத்துக்கு உடல் மட்டும் போதும்.

இத்தகைய தொலைவுகளை ஆய்வாளர் எங்கே தேடுவது? பயணநூல்களுக்கு வெளியே சான்றுகள் உண்டு. உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் சைக்கிள் வரி வசூலித்து வில்லை வழங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பதிவேடுகள் ஒரு சான்று. மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள் கடைகளின் நோட்டுகள் இன்னொன்று. யார் எடுத்தார், எத்தனை மணிக்குத் திருப்பித் தந்தார் என்பது அதில் இருக்கும். விளக்கில்லாமல் சென்றதற்கும் இருவர் ஏறிச் சென்றதற்கும் விதித்த அபராதங்கள், மீன் ஏலக் கணக்குகள், ரப்பர் கடைப் பற்றுவரவு, இவை அனைத்துக்கும் மேலாக முதியோரின் நினைவு. வாய்மொழி வரலாற்றுக்கு உரியவர்கள் எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள். நோட்டுகள் கரையானுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. முனைவர் பட்டத்திற்குத் தலைப்புத் தேடும் மாணவர்க்கு இங்கே வேலை இருக்கிறது, அவகாசம்தான் குறைவு.

இன்று இச்சாலையில் மீண்டும் நெடுந்தொலைவு மிதிவண்டிகள் தென்படுகின்றன. கேரளக் கடற்கரை வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்வோர் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடக்கின்றனர். 2021இல் ஆதில் தேலி ஏறத்தாழ 3,600 கிலோமீட்டர் தொலைவுள்ள காஷ்மீர்–கன்னியாகுமரிப் பயணத்தை எட்டு நாட்களுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் முடித்துச் சாதனை படைத்தார். ‘பிரவே’ எனப்படும் நெடுந்தொலைவு ஓட்டங்களில் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திற்குள் முடிப்பவர்க்குச் சான்று கிடைக்கிறது. மீன்காரருக்கும் கால வரம்பு இருந்தது. ஐஸ் உருகுவதற்குள் அவர் மேடேற வேண்டும். சான்று மட்டும் இல்லை.

சாலையும் மாறுகிறது. கழக்கூட்டத்திலிருந்து எல்லைப்புறக் காரோடு வரை புறவழிச்சாலை வந்துவிட்டது. அதில் முக்கோலைக்கும் காரோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி, 1930களை நினைவூட்டுவதுபோல, மீண்டும் கான்கிரீட். பொழியூரில் தொடங்கிக் காசர்கோடு வரை செல்லும் கடற்கரை நெடுஞ்சாலைத் திட்டத்தில் மிதிவண்டிக்கெனத் தனித்தடம் இருக்கிறது. வரவேற்க வேண்டியதே. ஆனால் நிலத்தையும் வீட்டையும் இழக்க நேரும் என்ற அச்சம் கடற்கரை மக்களிடம் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி செல்லும் அந்தத் தடம் சுற்றுலாப் பயணியை மனத்தில் கொண்டு வரையப்பட்டதா, விடியுமுன் மீன்பெட்டியோடு கிளம்புபவரையும் கணக்கில் கொண்டதா என்று இப்போதே கேட்க வேண்டும். மேடும் ஏலாவும் மாறிமாறி வரும் உள்வழிகளில், உழைப்பவர் உண்மையில் செல்லும் வழிகளில், அத்தகைய தடம் எதுவும் பேசப்படுவதாகத் தெரியவில்லை.

1893இல் வெங்ஙானூரிலிருந்து கிளம்பிய வில்வண்டி எழுப்பிய கேள்வி, சாலை யாருக்காக என்பது. சக்கரங்கள் மாறியிருக்கின்றன, சாலைப்பரப்பு மும்முறை மாறியிருக்கிறது. நெய்யாற்றுப் பாலத்தில் இறங்கி மறுகரை மேட்டில் வண்டியைத் தள்ளிச் செல்லும் ஒருவரைக் காணும்போது, அவரும் நெடும்பயணி என்று எழுதத் தொடங்குவதே அக்கேள்விக்கு வரலாற்றுத் துறை தரக்கூடிய முதல் விடை.